சம்புடத்துக்குச் சிறிய மூடி

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் பழமொழியை நாம் வகுப்பறையில் எத்தனை தடவை உபயோகித்திருக்கிறோம் என்று கணக்கிட்டுச் சொல்ல முடியாது. வாய்பாடு சொல்லாத பையன் மீதும், கையெழுத்தைத் திருத்திக்கொள்ளாத பெண் மீதும் அதை ஏவியிருக்கிறோம். இருபது வருஷமாக இவ்விதம் பிறர் மீது ஏவிவந்த பழமொழி, சென்ற வருஷம் ஒரு நாள் மாலையில் நம் வீட்டு வாசலுக்கே வந்து நம்மைக் கேள்வி கேட்டது. அந்தக் கதையையே இந்த வாரம் வாசகர்களுக்குச் சொல்லப் புகுந்தோம்.

வந்தவர் நம் பழைய மாணவி ஒருத்தியின் தகப்பனார். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பெண்ணுக்கு வயது 22. கல்லூரிப் படிப்பை முடித்து ஆடிட்டர் ஒருவரிடம் வேலை பழகி வந்தாள். மனிதர் உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஆரம்பித்தார்:

"ஸார், என் பெண்ணின் மேல்தாடை எலும்பை இரண்டாகப் பிளக்க வேண்டும் என்கிறார்கள். கேட்டதிலிருந்து அவள் தாயார் சரியாகச் சாப்பிடவில்லை. வரன் பார்த்துக்கொண்டிருக்கிற சமயம் வேறு. இவளோ, செய்துகொண்டுதான் தீருவேன் என்கிறாள். நீங்கள் விஞ்ஞானம் சொல்லிக் கொடுப்பவர். இது செய்யத் தக்கதுதானா, சொல்லுங்கள்."

விஞ்ஞானம் சொல்லிக் கொடுப்பதற்கும் வைத்தியம் அறிந்திருப்பதற்கும் வெகு தூரம். ஆயினும், "நாளை நானும் கூட வருகிறேன். வைத்தியரையே கேட்போம்" என்று சொல்லி அனுப்பினோம். அன்று இரவு நமக்கும் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

*

மறுநாள் அந்தப் பல் சீரமைப்பு வைத்தியர் பெண்ணின் பற்களை அச்செடுத்த மாக்கல் பொம்மை ஒன்றை நம் கையில் கொடுத்தார். "உங்கள் வீட்டுச் சம்புடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். மூடி சம்புடத்தின் வாயைச் சுற்றிலும் கவிந்து உட்கார வேண்டும் அல்லவா? அதுபோல் மேற்பல் வரிசை கீழ்ப்பல் வரிசைக்குச் சற்று வெளிப்புறமாகக் கவிந்திருப்பதே முறை. இந்தப் பெண்ணின் வாயில் மூடி சிறுத்துப் போயிருந்தது. இரண்டு பக்கத்துக் கடைவாய்ப் பற்களும் கீழ்ப் பற்களுக்கு உட்புறமாக விழுந்தன. மேல்தாடை அகலம் குறைந்ததனால் பற்களுக்கு இடம் போதாமல் ஒன்றையொன்று நெருக்கி ஏறிக்கொண்டிருந்தன. அண்ணம் கோபுரம் போல் உயர்ந்து குறுகி இருந்தது. சிறு வயதிலிருந்தே அவள் ஒரு பக்கமாகத் தாடையைத் திருப்பியே மென்று வந்தாளாம். முறுக்கு, தேங்காய்ச் சில்லு முதலியவற்றை விட்டு வெகு நாளாயிற்றாம்.

"பல்லுக்குக் கம்பி கட்டி வெளியே தள்ளிவிட முடியாதா?" என்று தகப்பனார் கேட்டார்.

"வேலிக் கம்பங்களை வெளிப்பக்கமாகச் சாய்த்துவிட்டால் தோட்டம் பெரிதாகிவிடுமா?" என்று வைத்தியர் திருப்பிக் கேட்டார். குறை சொற்பமானால் பற்களை மட்டும் நகர்த்திச் சமாளிக்கலாம். முதிர்ந்தவர்களிடத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டு அகலம் வேண்டியிருந்தால் பற்கள் மட்டும் அந்தப் பாரத்தைத் தாங்கா. அவை சாயும், ஈறு விலகும், வேரைத் தாங்கும் எலும்பு தேயும். கம்பி எடுத்தபின் பழைய இடத்துக்கே திரும்பவும் பார்க்கும். ஆகவே அகலப்படுத்த வேண்டியது பல் வரிசையை அன்று, எலும்பையே.

*

எலும்பை எப்படி அகலப்படுத்துவது? வாசகர்கள் தயவுசெய்து ஒரு காரியம் செய்து பார்க்க வேண்டும். நாவின் நுனியை மேலண்ணத்தின் நடுவே வைத்து முன்னிருந்து பின்னாகத் தடவிப் பாருங்கள். மெல்லிய வரை ஒன்று தட்டுப்படும். அந்த வரைக்கு மேலேதான் வலப்புற எலும்பும் இடப்புற எலும்பும் வந்து சேருகின்றன. மேல்தாடை ஒரே எலும்பு அன்று. இரண்டு எலும்புகளின் சேர்க்கை.

குழந்தைப் பருவத்தில் அந்த இணைப்பு, இரண்டு பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாற்போல் நெகிழ்ச்சியாக இருக்கிறது. வளர வளர அது அலை அலையாக வளைகிறது. வாலிபத்தில் இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொண்டாற்போல் இறுகிவிடுகிறது. டென்மார்க் தேசத்துப் பீர்த்தே மெல்ஸன் என்னும் பெண்மணி, இறந்தவர்களின் அண்ணங்களைப் பரிசோதித்து 1975-ம் ஆண்டில் இந்தப் படிகளை விளக்கினார். இறுகும் வயது எல்லோருக்கும் ஒன்றல்ல. ஸ்வீடனைச் சேர்ந்த பெர்ஸனும் திலாண்டரும் 1977-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 15 வயதிலேயே எலும்பு ஒட்டத் தொடங்கியவரையும், 27 வயதிலும் ஒட்டாமலிருந்தவரையும் கண்டார்கள். ஆகையால் வயதை மட்டும் கேட்டு முடிவு செய்யாமல், இப்போது ஸி.டி. படம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

இறுகுவதற்கு முன்னால் என்ன செய்யலாம் என்பதை முதன்முதலில் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் இருந்த எமர்ஸன் ஏஞ்சல் என்னும் பல் வைத்தியர். 1860-ம் ஆண்டில், மேல்தாடை குறுகிய 14 வயதுப் பெண் ஒருத்திக்கு, அண்ணத்தின் குறுக்கே இருபுறப் பற்களையும் உந்தும்படி ஒரு திருகைப் பொருத்தினார். சாவியை அந்தப் பெண்ணிடமே கொடுத்துத் திருகை இறுக்கிக்கொண்டே வரச் சொன்னார். இரண்டு வாரத்தில் அவளுடைய இரண்டு முன்பற்களுக்கும் இடையே வெளி உண்டாயிற்று. எலும்பே விலகிவிட்டது என்று ஏஞ்சல் எழுதினார். வைத்திய உலகம் நம்பவில்லை. "இதோ பாருங்கள்" என்று காட்ட அவரிடம் படம் இல்லை. ராண்ட்ஜன் எக்ஸ்-ரே கிரணங்களைக் கண்டுபிடித்தது 1895-ல் அன்றோ! சுமார் நூறு ஆண்டு கழித்து, 1961-ல், ஆண்ட்ரு ஹாஸ் என்னும் அமெரிக்கர் பன்றிகளிடம் பரீட்சித்து, பிறகு நோயாளிகளிடமும் செய்து, படங்களுடன் எழுதிய பின்னரே அந்த முறை நிலைபெற்றது. ஏஞ்சலுக்கு இருந்த ஒரே சாட்சி, ஒரு சிறுமியின் முன்பற்களுக்கு இடையே தெரிந்த அந்த இடைவெளிதான்!

*

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த தகப்பனார், "அப்படியானால் இவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது வந்திருந்தால்?" என்றார்.

"ஒரு திருகோடு போயிருக்கும். கத்தி அநேகமாக வேண்டியிராது" என்றார் வைத்தியர்.

வாசகர்களே, நமக்குத் தூக்கம் வராத காரணத்தை இப்போது சொல்லியாக வேண்டும். அந்தப் பெண் பத்து வயதில் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது அவளுடைய வகுப்பாசிரியர் நாமே. அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அவள் சீட்டில், "மேல்தாடை குறுகல், பல் சீரமைப்பு வைத்தியரிடம் காட்டவும்" என்று எழுதியிருந்தது. தகப்பனார் அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நம்மிடம் யோசனை கேட்டார். "பால் பற்கள் எல்லாம் விழுந்து முளைக்கட்டும். தானே சரியாகிவிடும்" என்று நாம் சொன்னோம். வெகு தைரியமாகச் சொன்னோம். தெரியாது என்று சொல்ல உபாத்தியாயருக்கு வாய் வராது என்பது உலகம் அறிந்த விஷயம்.

வைத்தியர் அறையில் அதை ஒப்புக்கொண்டோம். தகப்பனார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு ஞாபகம் இல்லை, ஸார்" என்றார். ஞாபகம் இருந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பெண்தான் பேசினாள்: "போகட்டும், ஸார். இப்போது வளையுமா, வளையாதா? அதைக் கேளுங்கள்."

*

வளையாது, ஆனால் விலகும் என்பதே விடை.

ஒட்டிவிட்ட எலும்பைத் திருகினால் மட்டும் விலக்க முடியாது. நடு இணைப்பு மட்டுமே தடையும் அன்று. கன்னத்து எலும்பு மேல்தாடையோடு சேருமிடமும், தாடைக்குப் பின்புறம் மண்டையோட்டின் சிறகு போன்ற எலும்பு சேருமிடமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே ரணசிகிச்சை நிபுணர் முதலில் அந்தப் பிடிகளைத் தளர்த்துகிறார்; பிறகு திருகு தன் வேலையைச் செய்கிறது. அண்ணத்தைக் கத்தியால் பிளந்து அகலப்படுத்தும் முறையைப் பிரௌன் என்பவர் 1938-லேயே விவரித்தார். எந்த இடத்து எலும்பு எவ்வளவு தடுக்கிறது என்பது 1970-களில் தெளிவாயிற்று.

சிகிச்சை நடக்கும் விதம் இது. முதலில் கடைவாய்ப் பற்களில் வளையம் பூட்டி அண்ணத்தின் குறுக்கே திருகைப் பொருத்துகிறார்கள். பிறகு மயக்க மருந்து கொடுத்து, மேல் உதட்டின் உட்புறத்தில் கீறுகிறார்கள். முகத்தில் வெளியே தழும்பு இராது. மூக்கின் ஓரத்திலிருந்து பின்னோக்கி இரண்டு பக்கமும் எலும்பின் சுவரை அறுக்கிறார்கள். இரண்டு முன்பற்களின் வேர்களுக்கு நடுவே மெல்லிய உளியைச் செலுத்தி நடு இணைப்பைப் பிரிக்கிறார்கள். திருகைச் சிறிது திருப்பி, இருபுறமும் ஒரே விதமாக விலகுகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொண்டு, மீண்டும் தளர்த்திவிட்டுத் தையல் போடுகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் அதிசயம். உடனே இழுப்பதில்லை. ஐந்து முதல் ஏழு நாள் வரையில் சும்மா இருக்கிறார்கள். அந்த நாட்களில் காயத்தின் இருபுறத்திலும் புது எலும்புக்கு வேண்டிய இளந்திசு உண்டாகத் தொடங்குகிறது. பிறகு அதை மெள்ள மெள்ள இழுக்க, இழுத்த இடத்திலெல்லாம் எலும்பு வளருகிறது. கால் எலும்பில் இந்தத் தத்துவத்தை நிலைநாட்டியவர் ஸைபீரியாவில் கூர்கான் என்னும் ஊரில் இருந்த இலிஸாரோவ் என்னும் வைத்தியர். நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இழுத்துக் குட்டைக் காலை நீளமாக்கினார் அவர். அவசரப்பட்டால் எலும்பு வளராது; தாமதித்தால் முன்னதாகவே ஒட்டிவிடும். பிள்ளை வளர்ப்பிலும் இதே விதிதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

*

பெண்ணின் தீர்மானமே வென்றது. சிகிச்சைக்குக் கடல் கடந்து போக வேண்டியிருக்கவில்லை. நம் நாட்டுப் பல் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலேயே இதைச் செய்கிறார்கள். மூன்று நாள் முகம் பூசணிக்காய் போல் வீங்கியிருந்தது. கஞ்சியும், கரைத்த ரசம் சாதமுமே ஆகாரம். மூக்கைச் சிந்தக் கூடாது என்று உத்தரவு.

ஏழாம் நாளிலிருந்து சாவி தகப்பனார் கைக்கு வந்தது. காலையில் ஒரு கால் திருகு, மாலையில் ஒரு கால் திருகு. ஒரு கால் திருகுக்கு 0.25 மில்லிமீட்டர், நாளுக்கு அரை மில்லிமீட்டர். வேண்டியது 7 மில்லிமீட்டர். ஆக 14 நாள், 28 திருப்பு. இந்தக் கணக்கை நாமே அவருடைய கடை நாட்காட்டியில் போட்டுக் கொடுத்தோம். ஆயிரம் பேருக்குத் துணி அளந்து கொடுத்த அந்தக் கை, முதல் நாள் நடுங்கிற்று. பெண் வாயைத் திறந்தபடியே கையால் ஜாடை காட்டி அவருக்குத் தைரியம் சொன்னாள். நான்காம் நாள் முன்பற்களின் நடுவே ஒரு நூல் போல் வெளி தெரிந்தது. பத்தாம் நாள் அதில் தீக்குச்சி நுழையும் போலிருந்தது. தாயார் அழுதாள். நாமோ ஏஞ்சலின் பெண்ணை நினைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டோம்: இடைவெளிதான் எலும்பு விலகியதற்குச் சாட்சி!

சோதனைபோல் அந்த வாரத்திலேயே பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. தள்ளிப்போடச் சொல்லித் தகப்பனார் டெலிபோனை எடுத்தார். "வரட்டும், அப்பா. வாயை மூடிக்கொண்டு உட்கார மாட்டேன். கேட்டால் நானே சொல்கிறேன்" என்றாள் பெண். வந்தார்கள். பிள்ளையின் தாயார் கேட்கவும் கேட்டாள். பெண் சம்புடம், மூடி, திருகு, சாவி எல்லாவற்றையும் நிதானமாக விளக்கிச் சொன்னாள். கேட்ட அம்மாள் தம் பேரனுக்கும் பற்கள் அப்படித்தான் இருக்கின்றன என்று சொல்லி, வைத்தியரின் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு போனாள். வரன் அமைந்ததா என்று வாசகர்கள் கேட்பார்கள். அமையவில்லை. காரணம் பல் அன்று, ஜாதகம்.

*

இதைப் படித்துவிட்டுக் கோணற்பல் உள்ளவர்களெல்லாம் தாடையைப் பிளந்துகொள்ள ஓடக் கூடாது. இது ரணசிகிச்சை, விளையாட்டன்று. இரத்தப் பெருக்கு, சீழ், உதட்டிலும் கன்னத்திலும் சில காலம் மரத்துப்போதல், ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் விலகுதல், முன்பல்லின் வேருக்கோ ஈறுக்கோ சேதம் முதலியவை நேரக்கூடும் என்று வைத்தியர் முன்கூட்டியே எங்களுக்குச் சொன்னார். சொல்லாத வைத்தியரிடம் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். அண்ணத்தின் எலும்பிலேயே சிறு திருகாணிகளைப் பதித்து, கத்தியின்றி விலக்கும் முறை ஒன்றைக் கொரியா தேசத்து வைத்தியர்கள் 2010-ல் வெளியிட்டார்கள். இளம் பிராயத்தினர் பலருக்கு அது பலிக்கிறது. இந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்துவிட்டு, இவளுக்கு அது போதாது என்று வைத்தியர் முடிவு செய்தார். வேறு பெண்ணுக்கு வேறு முடிவு ஏற்படலாம்.

அண்ணத்தின் மேற்புறமே மூக்கின் தரை ஆகையால், அகலப்படுத்தியபின் சிலருக்கு மூக்கால் மூச்சு விடுவது எளிதாகிறது. இந்தப் பெண்ணும் அவ்விதமே சொல்கிறாள். ஆயினும் குறட்டையை நிறுத்தவும் முக அழகைக் கூட்டவும் இதுவே வழி என்று யாராவது விளம்பரம் செய்தால், வாசகர்கள் தங்கள் பணப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அகலப்படுத்தி முடிந்தாலும் காரியம் முடிவதில்லை. இடைவெளியில் புது எலும்பு நிரம்பிக் கெட்டியாகும் வரையில், மூன்று முதல் ஆறு மாதம் திருகை அப்படியே பூட்டி வைக்கிறார்கள். பிறகு கம்பி கட்டிப் பற்களை ஒழுங்குபடுத்த வேறு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். நம் மாணவிக்கு இப்போது முன்பல் இடைவெளி மூடிக்கொண்டுவிட்டது. கம்பி இன்னும் இருக்கிறது. இரண்டு பக்கமும் மெல்லுகிறாள். கம்பி எடுத்த அன்று நம் வீட்டுக்கு வந்து முறுக்குக் கடிப்பதாக வாக்களித்திருக்கிறாள்.

*

பல் சீரமைப்பு வைத்தியரிடம் குழந்தையை 7 வயதுக்குள் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது என்பது அந்தத் துறையினரின் அபிப்பிராயம். பெற்றோர்கள் வீட்டிலேயே கவனிக்கலாம். குழந்தை பற்களைக் கடித்துக்கொண்டிருக்கும்போது கன்னத்தை விரலால் ஒதுக்கிப் பாருங்கள். மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழுகின்றனவா? மெல்லும்போது தாடை ஒரு பக்கம் ஒதுங்குகிறதா? எப்போதும் வாயைத் திறந்தபடியே தூங்குகிறதா? கட்டை விரல் சூப்பும் வழக்கம் நிற்கவில்லையா? இருந்தால், எதிர்வீட்டுக்காரரிடமோ உபாத்தியாயரிடமோ யோசனை கேட்க வேண்டாம். வைத்தியரிடம் போங்கள்.

பள்ளிக்கூடத்தில் இந்த வருஷமும் பல் பரிசோதனை நடந்தது. நம் வகுப்பில் மூன்று குழந்தைகளின் சீட்டில் அதே வார்த்தைகள் இருந்தன. அந்த மூன்று வீடுகளுக்கும் நாமே நடந்து போனோம். இரண்டு வீட்டார் மறு வாரமே வைத்தியரிடம் போய்விட்டார்கள். மூன்றாவது வீட்டில், "பால் பல் விழுந்தால் தானே சரியாகிவிடாதா, ஸார்?" என்று கேட்டார்கள்.

"எனக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் போகலாம், வாருங்கள்" என்றோம். இருபது வருஷ உத்தியோகத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல நமக்கு அன்றுதான் வாய் வளைந்தது.